ஏற்காடு பெண்கள் குழு காப்பி: வாஷ்டா, நேச்சுரலா? பறிப்பிலிருந்து சாம்பிள் வரை

செம்மநத்தம்_குழு

வணக்கம். சேர்வராயன் மலையில் ஆளுக்கு அரை ஏக்கர் முதல் ரெண்டு ஏக்கர் வரை வைத்திருக்கும் 18 பெண்களின் குழுவுக்காகக் கேட்கிறேன். பெரும்பாலும் எஸ்.795, இடையிடையே காவேரி, இரண்டும் அராபிகா ரகங்கள். நிழலுக்கு சில்வர் ஓக், பலா, மரத்தில் மிளகுக்கொடி. இதுவரை பழம், காய் எல்லாவற்றையும் ஒன்றாக உருவி, களத்தில் காயவைத்து, செர்ரியாகவே (தோலோடு காய்ந்த முழுப் பழமாகவே) வியாபாரிக்குப் போடுகிறார்கள். வரும் பருவத்தில் 500 கிலோ பச்சைக்கொட்டையையாவது (தோல் நீக்கிய, வறுக்காத கொட்டை) ஸ்பெஷாலிட்டி எனப்படும் உயர்தரத்தில் எடுக்க வேண்டும். கையால் சுற்றும் பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) ஒன்று இருக்கிறது. வாஷ்டு (தோல் உரித்து, டிரம்மில் புளிக்கவைத்து, கழுவிக் காயவைப்பது) என்றால் தண்ணீர் வேண்டும், அது தாராளமில்லை. அதனால் நேச்சுரலில் (பழத்தை முழுதாகவே காயவைப்பது) தொடங்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எந்த முறையில் தொடங்குவது, எந்த இடத்தில் கெடும் என்று அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கோப்பை_மேசை (சேலம்)

முறையை முடிவு செய்யும் முன் இலக்கைப் பார்த்துவிடுங்க. வாங்குபவர் 350 கிராம் பச்சைக்கொட்டையை மேசையில் பரப்பி எண்ணுவார். முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு, பூஞ்சை பிடித்தது, தோலோடு காய்ந்த பழம், கல் குச்சி, பூச்சி மோசமாகத் துளைத்தது: இந்த முதல் வகைக் குறையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாதிக் கறுப்பு, உடைசல், மிதவை, சிறு துளை மாதிரியான இரண்டாம் வகையில் 5 குறைக்கு மேல் போகக் கூடாது. ஈரம் 10 முதல் 12 சதவீதம். வறுத்த 100 கிராமில் வெளிறி நிற்கும் கொட்டை ஒன்றுகூட வரக் கூடாது. இத்தனையும் தாண்டிய பிறகுதான் கப்பிங் (சுவைத்துப் புள்ளி போடுவது), அதில் 80 புள்ளி. ஸ்பெஷாலிட்டி காஃபி அசோசியேஷன் 2023-இல் புதிய மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இங்கே வாங்குபவர்கள் இன்னும் அந்த 80-ஐத்தான் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு குறைக்கும் பின்னால் ஒரு கைவேலை இருக்கிறது. வெளிறிய கொட்டை காயைப் பறித்ததால் வருவது. அதில் சர்க்கரை ஏறியிருக்காது, அதனால் வறுத்தாலும் நிறம் பிடிக்காது. கோப்பையில் பச்சைக் கடலை வாசனை அடிக்கும். முழுப் புளிப்பு பல்பிங் தாமதத்தாலும், டிரம்மில் கூடுதலாகக் கிடந்ததாலும், தரையில் உதிர்ந்த பழத்தாலும் வரும். பறிப்பு, காயவைப்பு, பொறுக்கல் மூன்றும் இந்த மலையில் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. ஆகவே தரத்தைத் தீர்மானிப்பவர்கள் உங்கள் குழுவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். கூலி முறையும் கருவிகளும்தான் மாற வேண்டும்.

களத்துமேடு

உருவிப் பறிக்கிறதை நிறுத்தாம வேற எதைப் பேசியும் பிரயோஜனம் இல்லைங்க. பங்குனி, சித்திரையில பூ மழை (செடியைப் பூக்க வைக்கிற மழை) ரெண்டு மூணு தவணையா விழும். அதனால ஒரே கிளையில காயும் பழமும் சேர்ந்தே நிக்கும். ஒரே செடியில 10–15 நாள் இடைவெளியில நாலு முதல் ஆறு சுத்து போகணும். இடுப்புல ரெண்டு பை கட்டிக்கணும்: ஒண்ணு முழுப் பழத்துக்கு, இன்னொண்ணு தப்பி வர்ற காய், காய்ஞ்சது, பூச்சி விழுந்ததுக்கு. சிவப்பா தெரிஞ்சா மட்டும் போதாது, விரலால அழுத்தினா கொட்டை வழுக்கிட்டு வெளிய வரணும். காம்போட பிய்க்காம திருகி எடுத்தா அடுத்த வருசம் பூக்குற கணு தப்பிக்கும்.

கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி போட்டா யாரா இருந்தாலும் உருவத்தான் செய்வாங்க. நாள் கூலி கொடுத்து, அதுக்கு மேல ஒரு தொகையைத் தரத்தைப் பாத்துக் கொடுங்க. கணக்கு சுலபம்: கூடையில கைபோட்டு 100 பழம் எண்ணுங்க. பழுக்காதது 3-க்குள்ள இருந்தா கூடுதல் தொகை, 5-க்கு மேல போனா அந்தக் கூடையைத் திரும்பப் பொறுக்கணும். சொந்தத் தோட்டத்துல பறிக்கிற அக்கா தங்கச்சிக்கும் இதே கணக்குதான்.

உதிர்ந்த பழத்தை இந்த லாட்ல (ஒண்ணாச் சேர்த்து விக்கிற சரக்குல) சேர்க்கவே கூடாது. ஆனா தரையிலயும் விடக் கூடாது, காய்த் துளைப்பான் அதுலதான் குடியிருக்கும். தனியாப் பொறுக்கி, காயவச்சு, சாதாரண செர்ரியோட போட்டுடுங்க.

யூரியா சாக்குல பழம் கட்டாதீங்க. வாசனை ஏறும், உள்ள சூடும் ஏறும். சணல் சாக்குல கட்டி நிழல்ல வச்சு, பறிச்ச அன்னிக்கே பல்பர்ல ஓட்டிடணும்.

நேச்சுரல்_நாகலூர்

தண்ணீர் குறைவு என்று சொல்கிறார்கள், பல்பர் ஒன்றுதான். இந்த நிலையில் நேச்சுரல்தானே சரி? கழுவும் வேலை இல்லை, கழிவுநீர் இல்லை. பழவாசனை தூக்கலாக இருக்கும் காப்பிக்கு வறுப்பவர்கள் நல்ல விலையும் கொடுக்கிறார்கள். செர்ரி காயவைத்துப் பழகிய கைகள் வேறு.

பச்சைக்கொட்டை_தரம்

நேச்சுரலுக்குத் தண்ணீர் மிச்சமாகும், ஆனால் படுக்கை (காயவைக்கும் உயர்த்திய வலைத்தட்டு) பற்றாக்குறை வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 கிலோ பழத்துக்கு ஏறத்தாழ 16 கிலோ பச்சைக்கொட்டை. 500 கிலோ வேண்டுமென்றால் சுமார் 3,000 கிலோ பழம். 4 அடி அகலம், 20 அடி நீளமுள்ள ஒரு படுக்கையில் 100 கிலோ ஈரப் பார்ச்மென்டை (பழத்தோல் உரித்துக் கழுவிய, உள்தோலோடு இருக்கும் கொட்டை) 2 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பலாம். அது சுமார் 180 கிலோ பழத்திலிருந்து வருவது. 10–12 நாளில் காய்ந்து இடம் காலியாகும். அதே படுக்கையில் முழுப் பழம் 100 கிலோதான் பிடிக்கும், அதுவும் 20 முதல் 30 நாள் கிடக்கும். பறிப்பு உச்சத்தில் இருக்கும் 50 நாளில் 3,000 கிலோவையும் முடிக்க வாஷ்டு என்றால் 5 படுக்கை போதும், நேச்சுரல் என்றால் 15 வேண்டும்.

பருவமும் ஒத்துழைக்காது. இங்கே பறிப்பு தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை நடுவில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் முழுப் பழத்தைப் பரப்பினால் நாலாம் நாளே பழத்துக்கும் பழத்துக்கும் நடுவில் வெள்ளைப் பூஞ்சை தெரியும். அந்த லாட்டில் ‘பழவாசனை’ என்று வருவது பெரும்பாலும் காடி வாசனைதான்.

என் யோசனை: மார்கழி பாதி வரை வருவதெல்லாம் வாஷ்டு. மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் நடுச்சுற்றில் வரும் நல்ல பழத்தில் ஒரே ஒரு படுக்கை நேச்சுரல். அது கப்பிங்கில் தேறினால் அடுத்த பருவத்தில் கூட்டிக்கொள்ளலாம். ஹனியை (தோல் உரித்து, பிசினைக் கழுவாமல் காயவைப்பது) இப்போது தொடவே வேண்டாம். பிசினோடு காயும் கொட்டை ஒன்றோடொன்று ஒட்டும், நாள் முழுக்கக் கிளறிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

நேச்சுரல்_நாகலூர்

படுக்கைக் கணக்கை இப்படிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செர்ரி காயவைத்த பழக்கம் ஒரு பலம் இல்லையா?

களத்துமேடு

பழைய பழக்கம் இங்க இடைஞ்சல்தாங்க தம்பி. வியாபாரிக்குப் போடுற செர்ரியைச் சிமென்ட் களத்துல கனமாக் கொட்டி, ரெண்டு வேளை காலால கிளறினா போதும். ஸ்பெஷாலிட்டி நேச்சுரலுக்கு முதல் வாரம் ஒரே வரிசை பழம்தான், அதுவும் மணிக்கொரு தடவை கையால. தார் ரோட்டோரம் காயப்போடுற பழக்கத்தை முதல்ல விடணும். சாணி மெழுகின களமும் வேண்டாம், மண்வாசனை கொட்டைக்குள்ள போயிடும்.

செம்மநத்தம்_குழு

நன்றி. அப்படியானால் வாஷ்டிலேயே தொடங்குகிறோம். பல்பரில் கொட்டை வெட்டுப்படுகிறது, சில பழம் உரியாமலும் வருகிறது. புளிக்க வைப்பது எத்தனை மணி நேரம்?

பச்சைக்கொட்டை_தரம்

முதலில் மிதவை. பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கூடை கூடையாகப் பழத்தைக் கொட்டி, மேலே வருவதை வடிதட்டால் வாரி எடுங்கள். துளைப்பான் தின்றது, உள்ளே சாவியானது (பருப்பு பிடிக்காதது) எல்லாம் மேலே வந்துவிடும். இது இல்லாமல் அப்புறம் எவ்வளவு பொறுக்கினாலும் தீராது.

பல்பரில் உருளைக்கும் எதிர்த் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் எல்லாம். நெருக்கினால் வெட்டு, தளர்த்தினால் உரியாத பழம். வெட்டுப்பட்ட கொட்டை டிரம்மில் கறுத்துப்போகும், பின்னால் திருத்த வழியில்லை. உரியாத பழத்தைப் பொறுக்கி இன்னொரு முறை ஓட்டிக்கொள்ளலாம். ஆகவே சந்தேகம் வந்தால் தளர்வு பக்கமே நில்லுங்கள். தினமும் முதலில் 2 கிலோ பழம் ஓட்டி, ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்துப் பாருங்கள். 100-க்கு 2-க்கு மேல் வெட்டு இருந்தால் இருபக்கத் திருகையும் ஒரே அளவு, கால் சுற்று தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் தகடு சாயும், அந்தப் பக்கத்தில் மட்டும் வெட்டு விழும். எஸ்.795 பழத்தையும் காவேரிப் பழத்தையும் கலந்து ஓட்டாதீர்கள். பழத்தின் அளவு கலந்தால் எந்த இடைவெளியும் பொருந்தாது.

வேலை முடிந்ததும் உருளையின் பின்பக்கம் வரை கழுவ வேண்டும். ராத்திரி அங்கே சிக்கி அழுகும் பத்துக் கொட்டை மறுநாள் லாட்டில் விழுந்தால், கப்பிங்கில் ஒரு கோப்பை நாறும். ஐந்து கோப்பை வைத்துத்தான் சுவைப்பார்கள், ஒன்று கெட்டாலும் புள்ளி இறங்கும்.

புளிக்க வைப்பதற்கு (கொட்டை மேல் உள்ள பிசின் கழன்றுவர டிரம்மில் விடுவது) கடிகாரம் பார்க்காதீர்கள். இந்த உயரத்தில் 24 முதல் 36 மணி நேரம் ஆகும். மார்கழிக் குளிரில் அதற்கு மேலும் போகலாம், வெயில் நாளில் முன்னதாகவும் முடியும். 20 மணி நேரம் தாண்டியதும் மூன்று மணிக்கு ஒரு முறை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசி உள்ளங்கையில் தேயுங்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் உரசுவதுபோல் நறநறவென்று சத்தம் கேட்டால் அந்த நிமிடமே கழுவ வேண்டும், நடுராத்திரியானாலும் காலைக்குத் தள்ளக் கூடாது. ஒரு குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்பதும் இதே அடையாளம். நேற்றைய டிரம்மில் இன்றைய கொட்டையைச் சேர்க்கவே கூடாது. ஒன்று பழுத்து நிற்கும்போது மற்றது பச்சையாக நிற்கும், எதற்காகக் காத்திருந்தாலும் இன்னொன்று கெடும்.

தண்ணீர் விஷயம்: ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை, டிரம்மில் மூன்று தண்ணீர் போதும். கடைசித் தண்ணீரில் அன்றைக்கே வரும் பழத்தை மிதக்கவிடலாம். முதல் தண்ணீர் புளிப்பும் பிசினும் நிறைந்தது. ஓடையில் விட்டால் கீழே குடிக்கும் ஊர்களுக்குப் பாவம். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு அதில் விடுங்கள். பழத்தோலைச் சாணத்தோடு அடுக்கி மக்கவிட்டால் செடிக்கே திரும்பும்.

களத்துமேடு

படுக்கை செய்றதுக்கு: இடுப்பு உயரம், 4 அடிக்கு மேல அகலம் வேண்டாம். ரெண்டு பக்கமும் நின்னு நடுவு வரைக்கும் கை எட்டணும். மூங்கில் சட்டம், மேல கம்பிவலை, அதுக்கு மேல நைலான் வலை. மழைக்கு வளைவா பாலித்தீன் கூரை, பக்கவாட்டுல கண்டிப்பா திறப்பு. அடைச்சு வச்சா உள்ள வேர்த்து, சொட்டுச் சொட்டா கொட்டை மேலயே விழும்.

முதல் ரெண்டு நாள் மெல்லிசாப் பரப்பி, அரை மணிக்கொரு தடவை கிளறி மேல்தண்ணியை எடுத்துடணும். அப்பவே பொறுக்கலும் நடக்கட்டும். ஈரமா இருக்கும்போது வெட்டுப்பட்டதும் கறுத்ததும் பளிச்சுனு தெரியும், காய்ஞ்ச பிறகு தோலுக்குள்ள ஒளிஞ்சுக்கும். மூணாம் நாள்ல இருந்து கனத்தை 4 சென்டிமீட்டர் வரைக்கும் ஏத்தி, 12 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும் நிழல்வலை போடுங்க. உச்சி வெயில்ல சடசடன்னு பார்ச்மென்ட் வெடிக்குது பாருங்க, அப்படி வெடிச்ச கொட்டை ரெண்டு மாசத்துல வெளுத்துப் பழசாயிடும். சாயங்காலம் பனி இறங்குறதுக்கு முன்ன நடுவுல குவிச்சு, துணி போட்டு, மேல பாலித்தீன் மூடணும். காலையில பனி விலகின பிறகுதான் திறக்கணும்.

ஈரம் பாக்குற மீட்டர் எல்லா வீட்டுலயும் இருக்காது. ஒரு வழி சொல்றேன். கழுவி வடிச்ச கொட்டை 1 கிலோவைச் சரியா நிறுத்து, வலைப்பையில கட்டி, அதே படுக்கையில வைங்க. கிளறும்போது பையையும் புரட்டுங்க. தினம் சாயங்காலம் தராசுல போடுங்க. 540 கிராமுக்குக் கீழ வந்ததும் குழுவோட மீட்டருக்குக் கொண்டு போங்க. 500-க்குக் கீழ போச்சுன்னா கூடுதலாக் காய்ஞ்சிருச்சு, எடையும் நட்டம், கொட்டையும் உடையும்.

கோப்பை_மேசை (சேலம்)

அருமையான வழி அக்கா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மீட்டரில் பார்ச்மென்டோடு போட்டுப் பார்க்காமல், தோல் நீக்கிய கொட்டையைப் போட்டுப் பாருங்க. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டாலும் அளவு தப்பாகக் காட்டும், ஒரு மணி நேரம் ஆறவிடுங்க. 10.5 முதல் 11.5 வரை வந்தால் நிறுத்திவிடலாம்.

சேமிப்பில் ஏற்காட்டுக்கென்றே ரெண்டு ஆபத்து. ஒன்று மிளகு. அதே அறையில் மிளகு மூட்டை இருந்தால் காப்பி அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். உரம், மண்ணெண்ணெய், மருந்தடிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். இன்னொன்று கீழே இறக்குவது. தோல் நீக்கிய கொட்டையை மாசி, பங்குனியில் சேலத்துக் கிடங்கில் வைத்தால் அந்த வெக்கையிலேயே வாசனை செத்துவிடும். விற்பனை உறுதியாகும் வரை மலையிலேயே, பார்ச்மென்டாகவே வைத்திருங்க. காற்றுப்புகா உறைக்குள் போட்டு, மேலே சணல் சாக்கு, கீழே மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. உறை இல்லாவிட்டால் பனிமூட்ட ஈரத்தை மறுபடியும் குடித்து 13-க்குப் போய்விடும்.

மலைவேர்

செடியை மறந்துவிடாதீர்கள். அராபிகாவுக்கு இங்கே பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பறப்பது ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தண்டில் மேடு தட்டிய செடிகளைக் கண்டுபிடித்து வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். மற்றவற்றில் தளர்ந்த பட்டையைத் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்து எடுத்தால் முட்டையிட இடம் கிடைக்காது. வெயில் நேராகத் தண்டில் விழும் இடத்தில்தான் இது பெருகும். மிளகுக்காகச் சில்வர் ஓக்கை மொட்டையடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இலைத்துருவுக்கு 0.5 சதவீத போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

செம்மநத்தம்_குழு

எல்லாருடைய பழத்தையும் ஒரே டிரம்மில் போடலாமா? இன்னொன்று: பட்டா கணவர், மாமனார் பெயர்களில் இருக்கிறது. பணம் யார் பெயரில் போக வேண்டும்?

பட்டா_பாஸ்புக்

பழம் வாங்கும் இடத்திலேயே எண் கொடுங்கள்: உறுப்பினர் எண், தேதி, சுற்று, ரகம். அந்தச் சீட்டு டிரம், படுக்கை, மூட்டை எல்லாவற்றோடும் போக வேண்டும். ஒருநாள் பழம் 40 கிலோவுக்குக் கீழ் இருந்தால் தனி டிரம் கட்டுப்படியாகாது. அப்போது ஒரே பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம். கப்பிங் முடியும் வரை மூட்டைகளைக் கலக்காதீர்கள். ஒருவர் மூட்டையில் உள்ள கெட்ட வாசனை 18 பேர் உழைப்பையும் கீழே இழுத்துவிடும். எந்தத் தேதியில், எந்தப் படுக்கையில் கெட்டது என்று தெரிந்தால்தான் திருத்தவும் முடியும்.

பணம் இரண்டு தவணை: பழம் போடும் அன்று ஊர் விலையைவிடச் சற்றுக் கூட, விற்ற பிறகு லாட்டின் விலைப்படி மீதி. இரண்டும் அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்குக்குப் போக வேண்டும். குழு பழத்தை வாங்குவதற்குப் பட்டா தேவையில்லை, எடைச்சீட்டு போதும். பெரு நாட்டின் ‘காஃபே ஃபெமெனினோ’ திட்டத்திலும் பெண்ணுக்கு நேரடிப் பணம், நிலத்தில் உரிமை இரண்டும் நிபந்தனைகள். பெண் விளைவித்த காப்பி என்று உறையில் அச்சடித்துவிட்டு, ரசீதை வீட்டு ஆண் பெயரில் எழுதுவது வாங்குபவரையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து ஏமாற்றுவது.

நிலம் பற்றி இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சேலம் மாவட்ட மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, அது பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆகவே 2005 திருத்தம் மகள்களுக்குத் தந்த சமபங்கு தானாகவே கிடைத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. குடும்பம் சம்மதித்தால் தானப் பத்திரமோ உயிலோ எழுதிப் பதிவு செய்வது பலன் தரும். அதற்கு முன் அந்த வகை நிலத்தைக் கைமாற்ற ஏதாவது தடை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் உரிமைச் சான்று, திருமணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட நிலம் யாரிடமாவது இருந்தால் சான்றில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க 10 விவசாயிகள் போதும், நீங்கள் 18 பேர். ஆனால் ஒரு பருவமாவது எடைச்சீட்டும் கணக்கும் ஒழுங்காக ஓடிய பிறகு பதிவு செய்யுங்கள்.

நேச்சுரல்_நாகலூர்

உறையில் என்ன ஊர்ப்பெயர் போடலாம்? புவிசார் குறியீடு இருக்கிறதா?

கோப்பை_மேசை (சேலம்)

2019-இல் குறியீடு பெற்ற ஐந்து காப்பிகளில் (குடகு அராபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா) சேர்வராயன் இல்லை. ஆனால் காப்பி வாரியம் வகுத்திருக்கும் பிராந்தியக் காப்பிகளில் சேர்வராயன் தனிப் பெயராகவே இருக்கிறது. சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில், காப்பி வந்த மலை இது, பெயருக்குக் குறைவில்லை. ஊர்ப்பெயர், உயரம், ரகம், முறை, பறித்த மாதம், லாட் எண், விளைவித்தவர்கள் விரும்பினால் அவர்கள் பெயர்: வறுப்பவருக்கு இவ்வளவு போதும்.

செம்மநத்தம்_குழு

கடைசியாக ஒன்று. வாங்குபவருக்குச் சாம்பிள் எவ்வளவு, எப்படி எடுப்பது?

பச்சைக்கொட்டை_தரம்

காய்ந்து முடிந்ததும் உடனே எடுக்காதீர்கள். பார்ச்மென்டில் ஒரு மாதம் உறையில் கிடக்கட்டும், அதுவரை பச்சைப்புல் வாசனை போகாது. பிறகு லாட்டின் எல்லா மூட்டையிலிருந்தும், மேல், நடு, அடி மூன்று இடத்தில் கைப்பிடி எடுத்துக் கலந்து, 600 கிராம் பார்ச்மென்டாக நிறுத்துங்கள். தோல் நீக்கினால் 480 கிராம் அளவு நிற்கும், 350 அனுப்பிவிட்டு மீதியை அதே லாட் எண்ணோடு மூடி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை போன பிறகு தரம் மாறிவிட்டது என்று பேச்சு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சாம்பிளை எவ்வளவு பொறுக்கினீர்களோ அதே அளவுக்கு மூட்டையையும் பொறுக்க முடியுமா என்று பார்த்து அனுப்புங்கள். சாம்பிளை மட்டும் மணி மணியாகப் பொறுக்கி அனுப்பினால் முதல் மூட்டையிலேயே வாங்குபவர் கைவிட்டுவிடுவார்.

செம்மநத்தம்_குழு

எல்லாருக்கும் நன்றி. ஐந்து படுக்கைக்கு மூங்கிலும் வலையும் விலை கேட்டிருக்கிறோம். பல்பரின் எதிர்த் தகடு தேய்ந்திருக்கிறது என்று தெரிகிறது. மாற்றுத் தகடு சேலத்தில் யார் செய்து தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.